இரண்டாவது கார்டு

1

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறக்கும் நேரத்தில் மப்ரூக்கா கேமரா வாங்கப் போனாள்.

இது கதையாகத் தொடங்கவில்லை. கல்யாண வீடியோ தொழிலுக்கு வர நினைக்கும் ஒரு பெண், என்ன கேமரா வாங்கலாம் என்று என்னிடம் கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன். கேமரா, லென்ஸ், ட்ரைபாட், மைக், விளக்கு, கார்டு என்று தலைப்புகளும் போட்டுவிட்டேன். எந்தத் தலைப்பின் கீழ் எழுத உட்கார்ந்தாலும் மப்ரூக்கா வந்து நின்றாள். குறிப்பு நின்றுபோனது. இது வந்தது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "திரிப்போலியில் கோடைக்காலம் வந்துவிட்டால் தெருவெல்லாம் கல்யாணம், கடலிலிருந்து வீசும் காற்றிலும்கூட —"

[விட்டுவிட்டேன். தூரத்திலிருந்து இழுத்துப் பார்க்கும் வாக்கியம். மப்ரூக்காவுக்குப் பிடிக்காது. ஏன் என்று அடுத்த பகுதியில்.]

அவளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். திரிப்போலியின் சூக் அல்ஜுமா பகுதியில் பெண்கள் பக்கத்துக் கல்யாணத்தை வீடியோ எடுப்பவள். அந்தக் கூடத்துக்குள் ஆண் வர முடியாது. பெண்களின் போன்களையும் வாசலிலேயே ஒரு பையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே ஒரே ஒரு கேமரா, அது அவளுடையது. கல்யாணம் முடிந்ததும் எல்லோர் கண்முன்னாலும் மெமரி கார்டை உருவி மணப்பெண்ணின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் கேமராவை மூடுவாள். வேறு நகல் கிடையாது. அதனால்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பேரால்.

2

பழைய கேமரா ஜெனரேட்டர் கரண்ட் அடித்த அடியில் புகைந்துபோயிருந்தது. கடைக்காரன் பெயர் ஹாதி. அவன் எடுத்துக் காட்டிய முதல் லென்ஸ் முழங்கை நீளம் இருந்தது.

"இதைப் போடுங்கக்கா. கூடத்தோட அந்தக் கடைசியில நிக்கிற ஆளோட கண்ணிமை தெரியும்."

"யாரோட கண்ணிமை?"

"யாரா இருந்தா என்னக்கா?"

"அதான் வேணாங்கறேன். உள்ள தள்ளு."

அவள் கேட்டது இழுக்கவும் சுருக்கவும் முடியாத, குட்டையான, ஒரே அளவு லென்ஸ்.

"இதுல கிட்டக் கொண்டுவரணும்னா நீங்கதான் நடந்து போகணும்."

"போறேன்."

"கால் வலிக்குமே."

"என் கால்தானே. நீயா பிடிச்சுவிடப்போறே?"

ஹாதி சிரித்துக்கொண்டே தூசி தட்டினான்.*

*அவள் கூடத்தில் நீளமான லென்ஸைப் பார்த்தால் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள். யாரை எடுக்கிறது என்று தெரியாது. குட்டை லென்ஸ் என்றால் கேமரா கைக்கெட்டும் தூரத்துக்கு வர வேண்டும். எடுக்கப்படுகிறவளுக்குத் தெரியும். விரும்பினால் ஆடுவாள், வேண்டாமென்றால் கையால் தள்ளுவாள், சிலர் நாக்கை நீட்டுவார்கள். இன்னொரு லாபம்: இந்த லென்ஸ் இருட்டிலும் பார்க்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எழும்புகிற வரை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்கலாம்.

"எடுக்கறப்ப முன்னாடி சிவப்பு லைட் எரியுமா?"

"இதுல இல்லக்கா. பின்னாடி ஸ்க்ரீன்ல காட்டும்."

"பின்னாடி இருக்கறது நான். ஓடுதா நிக்குதான்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

கடைசியில் பக்கத்துக் கடையில் சைக்கிள் பின்விளக்கு ஒன்று வாங்கி, டேப் போட்டு, கேமரா தலையில் ஒட்டிக்கொண்டாள். ஓடும்போது எரிய வைப்பாள், நிறுத்தினால் அணைப்பாள். புத்தம்புதுக் கேமரா அதோடு பார்க்க ஒரு தினுசாக இருந்தது. ஹாதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பில் போடும்போது அவன் கேமராவின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து காட்டினான். "ரெண்டு கார்டு போடலாம். ரெண்டுலயும் ஒரே நேரத்துல பதியும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும்."

"ரெண்டு எதுக்கு? கல்யாணப் பொண்ணு ஒருத்திதானே."

"சிரிக்காதீங்க. ஆம்பளைங்க பக்கம் எடுக்கறானே அய்மன், போன மாசம் அவன் கார்டு செத்துப்போச்சு. மாப்பிள்ளையோட மாமன் இன்னும் அவனைத் தேடிக்கிட்டிருக்கார்."

மப்ரூக்கா அந்த இரண்டாவது இடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கதவை அவளே மூடினாள்.

3

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது.

முதல் பிரதியில், ஹாதி அன்பளிப்பாக இரண்டாவது கார்டு ஒன்றை உள்ளே போட்டுவிடுகிறான். அவளுக்குத் தெரியாது. கள்ளமில்லாதவளாக வீட்டுக்குப் போகிறாள். படிக்க நன்றாக இருந்தது.

ஆனால் கேமரா பிடித்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். உள்ளே இரண்டு கார்டு இருந்தால் திரையில் இரண்டு அடையாளம் தெரியும். கார்டை உருவும்போது பக்கத்தில் இன்னொன்று கண்ணில் படும். அவள் பத்து வருஷமாகக் கேமரா பிடிப்பவள்.

ஆகவே அடித்துவிட்டேன். இரண்டாவது கார்டைப் போட்டது அவள்தான்.

புதுக் கேமராவோடு போகும் முதல் கல்யாணத்தன்று மத்தியானம், வீட்டில், அதை உள்ளே தள்ளும்போது அவள் கை நடுங்கி —

[இல்லை. நடுங்கவில்லை.]

கார்டு சாகும். அது அவளுக்கு என்றைக்கும் இருந்த பயம். பழைய கேமராவில் வேறு வழியில்லை, பயந்துகொண்டே எடுத்தாள். இப்போது வழி இருந்தது. ஒன்றைப் பெண்ணிடம் கொடுப்பது, வீட்டுக்கு வந்ததும் மற்றதை அழிப்பது. யாருக்கு என்ன நஷ்டம்?

எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

4

மணப்பெண் சுந்துஸ். அவள் அம்மா ஹாஜ்ஜா துர்கிய்யா.

கல்யாணக் கூடத்துக்குள் நடந்ததை எழுத மாட்டேன். நான் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் அது அவர்களுடையது. வாசலுக்கு வெளியே கேட்டதை மட்டும் எழுதலாம்: மத்தளம், குலவை, இடையில் கரண்ட் போனபோது ஒரு நிமிடம் வெறும் குலவை மட்டும், பிறகு ஜெனரேட்டர்.

உள்ளே நடந்ததில் எனக்கு வேண்டியது முடிவு மட்டும். அதை மப்ரூக்கா சொன்னாள்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் கேமராவின் சிறு கதவைத் திறந்தாள். எப்போதும் எல்லோரும் பார்க்கும்படித் திறப்பாள். அன்று மணிக்கட்டைச் சற்றுத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சாய்வு எவ்வளவு என்று என்னிடம் கையை வைத்தே காட்டினாள். பெரிதாக ஒன்றுமில்லை.

கார்டு சுந்துஸின் உள்ளங்கைக்குப் போனது. ஹாஜ்ஜா துர்கிய்யா உடனே பிடுங்கிக்கொண்டாள்.

"உன் கையில எது தங்கியிருக்கு? காதுத் தோட்டையே ரெண்டு தடவை தொலைச்சவ நீ."

மகள் போர்த்தியிருந்த பட்டு ஹவ்லியில் ஒரு மடிப்பு எடுத்து, கார்டை உள்ளே செருகி, மேலே தன் பெரிய வெள்ளி ஊக்கைக் குத்தினாள். தாயத்தை அப்படித்தான் குத்துவார்கள்.

"பாத்து ஹாஜ்ஜா. சின்னப் பொருள்."

"மூணு பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கேன். எனக்கு ஊக்கு குத்தத் தெரியாதா?"

அவள் கை பாஸீன் களி கிண்டிப் பழகிய கை. ஊக்கு ஒரு இடத்தில் தடங்கியது. அழுத்தினாள். போய்விட்டது.

5

மப்ரூக்கா வீடு திரும்பியபோது கரண்ட் இல்லை. கொண்டுபோன பேட்டரிகள் எல்லாம் தீர்ந்திருந்தன. காலையில் கரண்ட் வந்தது. பேட்டரி ஏறியது. கேமராவை உயிர்ப்பித்து, அழிக்கும் பட்டியல் வரை போய்விட்டாள். "எல்லாவற்றையும் அழிக்கவா?" என்று திரை கேட்டது.

போன் அடித்தது.

"அக்கா." சுந்துஸ் அழுதுகொண்டிருந்தாள். "கார்டு உடைஞ்சுபோச்சு."

"உடைஞ்சுதா?"

"அம்மா ஊக்கைக் குத்தினாங்கல்ல, அது அதோட முதுகைப் பிளந்துடுச்சு. லேப்டாப்ல போட்டா ஒண்ணுமே வரலை."

"அழாதேம்மா. புதுப் பொண்ணு அழக்கூடாது."

"எனக்காக அழலைக்கா. என்னை நான் பாக்கலைன்னா போகட்டும். அம்மா ஆடினாங்கல்ல? அப்பா போனதுக்கு அப்புறம் அவங்க ஆடவே இல்ல. நேத்துதான். இப்ப சமையக்கட்டுல உக்காந்துக்கிட்டு யார்கிட்டயும் பேச மாட்டேங்கறாங்க."

"நான் வரேன்."

சொல்லிவிட்டுத்தான், எதைக் கொண்டு போகிறோம் என்று யோசித்தாள்.

6

எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

அ) உடைந்த கார்டை வாங்கிக்கொண்டு போகிறாள். சில நாள் கழித்து நகலோடு வருகிறாள். "கடையில சரிபண்ணி மீட்டுக் குடுத்துட்டாங்க." எல்லோருக்கும் சந்தோஷம். பேரும் பிழைக்கும்.

இதை முழுதாக எழுதி முடித்தேன். வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஹாஜ்ஜா துர்கிய்யா என் தாளிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்: "கடையிலயா? அப்ப அந்தக் கடைக்காரன் நான் ஆடினதைப் பாத்தானா?"

கிழித்துவிட்டேன். அந்தப் பொய்யைவிட உண்மை தரும் காயம் சின்னது.

ஆ) அழிக்கிறாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறாள்.

[ஒரு வரிக்கு மேல் வரவில்லை.]

இ) சொல்கிறாள். சொன்னால், இதற்கு முன் அவள் கையால் கார்டு வாங்கிய ஒவ்வொரு பெண்ணும் தன் கல்யாணத்துக்கும் இன்னொரு கார்டு இருந்ததோ என்று நினைப்பாள். இருக்கவில்லை. பழைய கேமராவில் இடமே இல்லை. அதை யார் நம்புவார்கள்? சூக் அல்ஜுமாவில் ஒரு செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

7

சமையற்கட்டில் ஹாஜ்ஜா துர்கிய்யா தேநீரை உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி நுரை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டில் வறுத்த பாதாம் இருந்தது, பக்கத்தில் பிளந்த கார்டு.

"வா. உக்காரு. என் சாமர்த்தியத்தைப் பாத்தியா?"

மப்ரூக்கா உட்காரவில்லை. பையிலிருந்து எடுத்து, பிளந்ததன் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னது?"

"இதுவும் நேத்துக் கல்யாணந்தான்."

சுந்துஸ் வாயைத் திறந்தாள். அம்மா கையைத் தூக்கினாள்.

"எங்க இருந்துச்சு?"

"கேமராக்குள்ள. பக்கத்துல இன்னொரு இடம் இருக்கு."

"எங்க கையில குடுத்தப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. கையைச் சாய்ச்சுப் பிடிச்சு மறைச்சேன்."

"நீதான் போட்டியா?"

"நான்தான்."

"சொல்லலை."

"சொல்லலை."

தேநீர்ப் பாத்திரம் அடுப்பின்மேல் போய் உட்கார்ந்தது.

"யார் பாத்தா?"

"யாரும் பாக்கலை ஹாஜ்ஜா. நானும் பாக்கலை. அழிக்கத்தான் உக்காந்தேன். இவ போன் பண்ணா."

"பண்ணலைன்னா?"

"அழிச்சிருப்பேன்."

"நான் ஆடினதையா?"

மப்ரூக்கா முழுசாக இருந்த கார்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஏம்மா," என்றாள் சுந்துஸ், "நீ அந்த ஊக்கை மட்டும் குத்தாம இருந்திருந்தா —"

"நீ பேசாதே. நேத்து வரைக்கும் தோட்டைத் தொலைச்சவ."

சுந்துஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். ஹாஜ்ஜா துர்கிய்யாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மூன்று டம்ளரில் தேநீர் ஊற்றி, வழக்கம்போல மேலே பாதாம் போட்டாள். மூன்றாவது யாருக்கு என்று மப்ரூக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

[இங்கே முடித்திருக்கலாம். அழகாக இருக்கிறது. ஆனால் ஹாஜ்ஜா துர்கிய்யா இன்னும் மன்னிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறாள். டம்ளரை நீட்டுவது மன்னிப்பு அல்ல. நம் வீடுகளில் சண்டைக்கு வந்தவளுக்கும் தேநீர் உண்டு.]

லேப்டாப்பை சுந்துஸ் கொண்டுவந்தாள். மப்ரூக்கா வெளியே போகப் பார்த்தாள்.

"எங்க போறே? எடுத்தவளே நீதானே."

திரையை அவர்கள் மூவரும் பார்த்தார்கள். என்ன பார்த்தார்கள் என்பது என்னிடம் இல்லை. ஹாஜ்ஜா துர்கிய்யா ஒரு இடத்தில் "கொஞ்சம் பின்னாடி போ" என்றாளாம். மறுபடி ஒரு தடவை சொன்னாளாம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எவ்வளவு கிட்ட வந்து நின்னிருக்கே, பாரேன். அந்தச் சிவப்பு லைட்டைப் பாத்துத்தான் நான் நல்லா ஆடினேன்" என்றாளாம்.

முடிந்ததும் ஹாஜ்ஜா துர்கிய்யா கார்டை உருவி, கைக்குட்டையில் சுற்றினாள். இந்தத் தடவை ஊக்கு இல்லை.

"இதை நான் வெளிய சொல்லாம இருக்கப்போறதில்ல," என்றாள். "மறைச்சா அதுவும் நீ கையைச் சாய்ச்சுப் பிடிச்ச மாதிரிதான். என் ஊக்கையும் சேத்தே சொல்றேன். ரெண்டு பேர் மானமும் ஒண்ணா போகட்டும்."

மப்ரூக்கா தலையாட்டினாள்.

"என் கடைசிப் பொண்ணு ஹனீனுக்கு நோன்புப் பெருநாள் கழிச்சு கல்யாணம். நீதான் வர்றே."

மப்ரூக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

[அடுத்து ஹாஜ்ஜா துர்கிய்யா கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதிப் பார்த்தேன். என் பேனாவில் அது ஒரு யோசனையாகத்தான் நின்றது. ஒரு கார்டு என்றால் மறுபடி அது செத்துப்போகும் பயம். இரண்டு என்றால் கூடத்திலிருக்கும் ஒவ்வொருத்தியிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்தக் கூடம் தெரியும், அந்தக் கேமராவும் இப்போது தெரியும். நீங்களே சொல்லுங்கள்.]

ஹாஜ்ஜா துர்கிய்யா மூன்றாவது டம்ளரை மப்ரூக்காவின் கையில் கொடுத்து, முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வாசல்ல நின்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லப்போறேன், அதனால இப்பவே சொல்லிடு மகளே: அன்னைக்கு அதுக்குள்ள எத்தனை கார்டு போடுவே?"