டோனிக்கு ஒரு ஸ்டார்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்த வருஷம் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட மாட்டோம். டிசம்பரில் செல்லூர் சந்துக்குள் வருகிறவர்கள், எங்கள் வாசல்களை அண்ணாந்து பார்த்தே எந்த வீட்டில் துக்கம் என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் ஜெரால்ட். மிஷன் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். பையன்கள் எனக்கு வைத்த பெயர் ‘பட்டாசு’. வீட்டிலும் நான் அதேதான். நாலு வருஷத்துக்கு முன்னால், பி.எட். படிக்க மாட்டேன் என்று சொன்ன ஒரே மகன் டோனியின் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். அதை எடுத்துக்கொண்டு போனவன்தான். ஒரு போன்கூட இல்லை.

அன்றிலிருந்து என் மனைவி பாக்கியமேரிக்கு ஸ்டார் பைத்தியம். நவம்பர் கடைசியிலேயே கட்டச் சொல்வாள். பொங்கல் முடிந்தும் அவிழ்க்க விடமாட்டாள். விடியவிடிய எரிய வேண்டும். “அவன் எந்நேரம் வந்தாலும் வீடு தெரியணுமில்ல” என்பாள். பிறந்து வளர்ந்த வீடு தெரியாதாக்கும் என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த வருஷம் நவம்பர் முதல் வாரத்தில் திருப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. டோனியோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் பேசினான். மஞ்சள்காமாலை முற்றி, அக்டோபரில் டோனி செத்துப்போனானாம். “அப்பாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் சார். எனக்குத்தான் மனசு கேக்கல.”

மேரி அடுப்படியிலிருந்து யார் என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். மூன்று வாரம் அந்தப் பொய்யோடு அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். பெட்டியை எறிந்தவன் நான். எந்த வாயால் சொல்வேன்?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. சாயங்காலப் பூசை முடிந்து வந்ததும் மேரி புது ஸ்டாரைப் பிரித்தாள். ஏணியை வாசலில் சாத்திப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தறிக்கூடம் ஞாயிறு என்பதால் ஓய்ந்து கிடந்தது. நான் ஏறினேன். ஆணி வரைக்கும் கை போனது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“மேரி, இந்த வருஷம் நம்ம வீட்டுல ஸ்டார் கட்டக் கூடாது.”

வேறெதுவும் நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏணி ஒருமுறை ஆடி நின்றது.

“என்னைக்கு?” என்றாள்.

“அக்டோபர்ல. திருப்பூர்ல. காமாலை.”

“யாரு அடக்கம் பண்ணது?”

“கூட இருந்த பயலுக நாலு பேரு.”

“சாமியார் வந்தாரா?”

“இல்ல.”

“ஒரு மெழுகுதிரியாச்சும் பொருத்துனாங்களா?”

நானும் அதைப் போனில் கேட்டிருந்தேன். அந்தப் பையன்களுக்கு நம் முறை தெரியாது. மழை வேறு பெய்திருக்கிறது.

“இல்ல மேரி.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இறங்கியிருப்பேன்.

“கட்டுங்க” என்றாள்.

“துக்க வீட்டுலயா? கோயில்ல என்ன சொல்லுவாக?”

“சொல்லிட்டுப் போறாக. இருட்டுல கிடக்கிறவுகளுக்காகத்தான அவரு வந்து பிறந்தாரு? என் பிள்ளைய இருட்டுலயே குழிக்குள்ள இறக்கியிருக்காக. இம்புட்டு வருஷம் அவன் வாரதுக்குக் கட்டுனோம். இன்னைக்கு அவன் போறதுக்குக் கட்டுங்க.”

கட்டினேன். மூன்று முடிச்சுப் போட்டேன். அவள் உள்ளே போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து, மறுபடியும் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. சொன்ன பிறகு அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன்.

“இறங்குங்க” என்றாள்.

எனக்கு இறங்கத் தைரியம் வரவில்லை.