திண்டு உறைக் கணக்கு

தேர்வுப் பொறுப்பாளர் விடைத்தாள் கட்டைக் கணக்கு வாத்தியாரின் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். அதுவே வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை.

"எட்டாம் வகுப்பு சார். பன்னிரண்டாவது கேள்வி. நல்லாப் படிக்கிற பிள்ளைங்க அத்தனை பேரும் தப்பு. கண்ணை மூடிட்டு டிக் அடிச்ச கடைசி பெஞ்சு ஆளுங்க சில பேருக்குச் சரியா விழுந்திருக்கு. அப்புறம், உங்க தம்பி பொண்ணுக்கு."

"அதுக்கென்ன?"

"ஓரத்துல ஒரு பெருக்கல் கூடப் போடலை சார். நேரா டிக். கேள்வித்தாளை வீட்டுலதானே தயாரிச்சீங்க?" இப்போதுதான் நிமிர்ந்தார். "நாளைக்குக் காலையில தலைமையாசிரியை கேட்பாங்க. சரியான பதில் இல்லேன்னா பொண்ணோட தாள் ரத்து. காப்பின்னு பதிவாயிடும்."

வாத்தியார் முதுகு வளையாமல் எழுந்து வெளியே வந்தார். அளவில் கை வைத்தவர்கள் என்று அவர் குடும்பத்தை ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. தகப்பனார் தையல் கடை வைத்திருந்தவர். வெட்டி மிஞ்சிய துணியைச் சுருட்டிக் கட்டி, துணி கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர். "வீட்டுப் பொண்ணு எழுதுற தாளை வேற யாராவது தயாரிக்கட்டுமே" என்று தலைமையாசிரியை தயங்கியபோது, "எங்க வீட்டுல அப்படியெல்லாம் நடக்காது" என்று வாக்குக் கொடுத்தவர் வாத்தியார்.

கேள்வியின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தத் தாளிலேயே அவர் பெருமைப்பட்ட கேள்வி அது. நாற்பது சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் திண்டுக்கு உறை தைக்க, முன்னும் பின்னுமாக எத்தனை சதுர சென்டிமீட்டர் துணி வெட்ட வேண்டும்? விடை 3528. கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் 3200 என்று குறித்திருந்தார்கள். யோசிக்கத் தெரியாத கூட்டம் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கே எட்டாதது, கணக்கில் நடுத்தரமான இந்தப் பெண்ணுக்கு எப்படி எட்டியது?

கீழே தம்பியின் தையல் கடை, மாடியில் வீடு. வாத்தியார் நேராகத் தன் அறைக்குப் போய் பீரோவைத் திறந்தார். விடைக்குறிப்பு வைத்த உறையின் மேல் ஒரு நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் இல்லாத இடம் அந்த வீட்டில் கிடையாது. சாப்பாட்டுத் தட்டில்கூட வரும். இருந்தும் அன்று அதைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்த அறையைப் பெருக்குவது யார்? தம்பி மனைவி. போன வாரம் தாயும் மகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள், இவர் தலையைக் கண்டதும் ஏன் வாயை மூடினார்கள்? பெண்ணின் புத்தகப் பையையும் திறந்து துழாவினார். உடைந்த ஸ்கேலும் நசுங்கிய பிஸ்கட்டும்தான் இருந்தன. அதனாலும் சந்தேகம் குறையவில்லை. தடயம் இல்லாமல் செய்யத் தெரிந்தவர்கள் என்று கூடவே ஒரு பழியும் சேர்ந்தது.

கீழே இறங்கினார். தம்பி மெஷினில் இருந்தான். அவன் மனைவி பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பெண், பித்தான் துளைக்குக் காஜா எடுத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில், பேன்ட்டுக்காகக் காத்திருந்த பக்கத்து மருந்துக்கடைக்காரர்.

"பன்னிரண்டாவது கேள்விக்கு விடை உனக்கு யார் சொன்னா?"

மெஷின் நின்றது. "யாரும் சொல்லலை பெரியப்பா."

"ஒரு வரி கணக்குப் போடலை. விடை மட்டும் வானத்துலேர்ந்து விழுந்துதா?"

தம்பி மனைவி ஊசியைத் துணியில் குத்திவிட்டு, புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. பீரோவை உடைச்சுத் திருடினவ, ஒன்பதாவதையும் பதினாலாவதையும் தப்பா எழுதிட்டேன்னு போன வாரம் எங்கிட்ட ஏன் குசுகுசுன்னு புலம்பினா? திருடுறதுலயும் மார்க் கொறைஞ்சவளா எம் பொண்ணு?"

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்க இருமினார்.

வாத்தியார் யோசித்தார். திருடியவளா, தெரிந்தவளா என்று பார்க்க ஒரே வழி, எந்தப் பீரோவிலும் இல்லாத கேள்வி. "இப்போ ஒண்ணு கேக்கறேன். என் மனசுல இப்பதான் வந்தது. அம்பது சென்டியில சதுர மேசை. மேல்பக்கம் மட்டும் மூட விரிப்பு தைக்கணும். எவ்வளவு துணி வெட்டணும்?"

"ரெண்டாயிரத்து ஐநூறுக்குக் கொஞ்சம் மேல" என்றாள் பெண், கையை நிறுத்தாமல்.

"ஏன் மேல?"

"ஓரம் மடிக்க வேண்டாமா? அந்தத் திண்டு உறைக்கும் அப்படித்தான். தையலுக்குச் சுத்தி ஒரு சென்டி விடணும். மூவாயிரத்து இருநூறுக்குக் கொஞ்சம் மேல இருந்த விடை ஒண்ணுதான். அதுக்கு எதுக்குப் பெருக்கல்?"

தம்பி பல்லைக் காட்டினான். "அதானே அண்ணா! துணியைத் தொட்டவன் எவனுக்கும் தெரியுமே."

வாத்தியாருக்கு மூச்சு சீராக வந்தது. அடுத்த கணமே வேறொரு சந்தேகம்: துணியைத் தொடாதவனுக்கு? பெஞ்சு பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அந்த மேசைக்கு எவ்வளவு துணி?"

"ரெண்டாயிரத்து ஐநூறு" என்றார் மருந்துக்கடைக்காரர். "அம்பதை அம்பதால பெருக்கினா தீர்ந்தது. இதுல என்ன சார் சூது?"

"ஓரம் மடிக்கிறது?"

"நீங்க சொல்லவே இல்லையே!"

சட்டைப்பையில் இருந்த நீல நூலை வாத்தியார் எடுத்துத் தரையில் போட்டார். அங்கே கிடந்த நூல்களோடு அது கலந்துவிட்டது.

மறுநாள் தலைமையாசிரியையின் அறையில் அவர் உட்காரவில்லை. "தப்பு பிள்ளைங்க மேல இல்ல. தையலுக்கு ஒரு சென்டி விடணும்னு கேள்வியில நான் எழுதலை. எங்க வீட்டுல யாரும் அதை வாய்விட்டுச் சொல்றதில்ல. ஊருக்கே தெரியும்னு நினைச்சுட்டேன். கணக்குத் தெரியுமான்னு கேக்கறதா நினைச்சு, தையல் கடையில வளர்ந்தியான்னு கேட்டிருக்கேன். பன்னிரண்டாவதை எல்லாருக்கும் ரத்து பண்ணுங்க."

தேர்வுப் பொறுப்பாளர் கேட்டார்: "வீட்டுப் பொண்ணைக் காப்பாத்த இப்படிச் சொல்றீங்களோன்னு யாராவது பேசினா?"

"கேள்வியை எழுதிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு வெளியே பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்க. இனிமே என் தாளை எங்க வீட்டு வாசனை படாத ஒருத்தர் படிச்ச பிறகுதான் அச்சுக்கு அனுப்பணும். அதையும் எழுதித் தர்றேன்."

தலைமையாசிரியை அப்போதுதான் அந்தத் தாளைப் பிரித்து, தானே பென்சிலால் போட்டுப் பார்த்தார். 3200 வந்தது. கேள்வியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

சாயங்காலம் வாத்தியார் விஷயத்தைச் சொன்னதும் பெண் விரலை மடக்கினாள். "அப்போ சரியா எழுதின எனக்கும் ஒரு மார்க் போச்சா?"

"போச்சு."

"போகட்டும் பெரியப்பா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். பாதியில் நின்றாள். "என் பையை மட்டும் இனிமே கேட்டுட்டுத் திறங்க. பிஸ்கட்டெல்லாம் தூளாயிடுச்சு."

தம்பி மனைவி தலை நிமிராமல் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவள் எதிரே உட்கார்ந்து, சிதறிக் கிடந்த பித்தான்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக அவள் பக்கம் வைத்தார்.