ட்ரொலி மாறும் நேரம்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் சேவல் கூவுவதில்லை. விமானம்தான் கூவும். முதல் விமானம் கூரைகளை உரசுவதுபோல இறங்கிப் போனபோது, துசியந்தி பெல்ட்டின் தலைமாட்டில் நின்று ட்ரே வைத்துக்கொண்டிருந்தாள். தலையில் வலைத்தொப்பி, கையில் நீலக் கையுறை, காலில் யாரோ போட்டுக் கழற்றிய சப்பாத்து. குளிரூட்டிய கூடம். வாயைத் திறந்தால் புகை வந்தது.

விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் வேலை அது. துசியந்தி வைக்கும் வெறும் ட்ரே பெல்ட்டில் ஊர்ந்து போகும். அடுத்து நிற்பவள் பாண் வைப்பாள், அதற்கடுத்தவள் வெண்ணெய், பிறகு சலட், பிறகு கரண்டிப் பொதி. கடைசியில் நிற்பவள் நிறைந்த ட்ரேயைத் தூக்கி இரும்பு ட்ரொலிக்குள் சொருக வேண்டும். முறிகிற இடுப்பு அவளுடையதுதான். இன்றைக்கு அங்கே நின்றவள் துசியந்தியின் பழைய சிநேகிதி அஞ்சலீனா.

துசியந்திக்கு இது புதிய இடமில்லை. இதே பெல்ட்டில் வருஷக்கணக்காக நின்றவள். போன மாரியில் ஒப்பந்தம் கைமாறியபோது பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அவளும் ஒருத்தி. இப்போது புதிய ஒப்பந்தக்காரர் சிவானந்தன் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். முன்னையதிலும் குறைந்த சம்பளம். எந்த நாள் ஷிப்ட், எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் அவர் போன் அடித்துச் சொல்லும்போதுதான் தெரியும். அதற்கும் முதலில் ஒரு நாள் காலை சம்பளமில்லாமல் வேலை செய்து காட்ட வேண்டுமாம், தெரிந்த வேலையை!

"ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. ஒருக்காப் போய்ப் பாருமன்" என்று கணவன் பாலேந்திரா நேற்றுப் பின்னேரம் சொன்னான். முழங்கால் ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கிறான். டெலிவரி வான் ஓட்டி மாசக்கணக்காகிறது.

"சர்க்கரை எண்டு சொல்லி உப்பையெல்லோ தாறாங்கள்."

"வேண்டாமெண்டு சொன்னால் அரசாங்கம் தாற பெனிபிட்டையும் நிப்பாட்டிப்போடுவாங்களப்பா."

வேலையில்லாதவளுக்கு விருப்பம் எங்கே இருக்கிறது? வந்துவிட்டாள்.

வந்தவுடனேயே சிவானந்தன் சொன்னார்: "தலைப்பில நில்லுங்கோ தங்கச்சி. உங்கட கை வேகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டனான். ஒண்டே ஒண்டு, இடம் விடக்கூடாது. அந்தப் பழைய பழக்கமெல்லாம் இப்ப இல்லை."

அந்தப் பழைய பழக்கம் எந்த முதலாளியும் கொடுத்ததல்ல. பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்தது. ட்ரொலி நிரம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் கடைசியில் நிற்பவள் "ட்ரொலி!" என்று கத்துவாள். உடனே தலைமாட்டில் நிற்பவள் சில ட்ரேக்களை வைக்காமல் விடுவாள். அந்த வெறும் இடம் பெல்ட்டோடு ஊர்ந்து போகும். அது தன் முன்னால் வரும்போது ஒருத்தி விரலை உதறுவாள், ஒருத்தி மூக்கைத் தோளில் துடைப்பாள், ஒருத்தி பக்கத்தில் நிற்பவளின் பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்பாள். அது கடைசிக்கு வந்து சேரும்போது நிரம்பிய ட்ரொலியைத் தள்ளிவிட்டு வெறும் ட்ரொலியை இழுத்து வைக்க நேரம் சரியாக இருக்கும். மேலே கண்ணாடி அறையில் இருப்பவர்களுக்கு அது வீண்போகும் இடம். கீழே நிற்பவர்களுக்கு அதுதான் மனிதராக இருக்கிற நேரம்.

"ட்ரொலி!" என்று அஞ்சலீனாவின் குரல் வந்தது.

துசியந்தியின் கை ஒரு கணம் தயங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் சிவானந்தன் நின்றார். அவள் அடுத்த ட்ரேயை வைத்தாள். அதற்கடுத்ததையும் வைத்தாள். காது கேளாதவள்போல நின்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாடகை வீட்டில் நொண்டிக்கொண்டு திரிகிற மனிதனின் முகம் வெட்கத்துக்கு முன்னால் வந்து நின்றது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று மனதைச் சமாளித்தாள்.

அஞ்சலீனா எப்படியோ சமாளித்தாள். இடுப்பால் ட்ரொலியைத் தள்ளி, காலால் அடுத்ததை இழுத்து, குவிந்துவிட்ட ட்ரேக்களை அள்ளிச் சொருகினாள். மறுபடி கத்தினாள். மறுபடியும் இடம் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் கத்துவதையே விட்டுவிட்டாள்.

பிறகு ஓர் அலறல்.

கரண்டிப் பொதி வைக்கும் கல்யாணி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். பெல்ட் நின்றது. இரண்டு இரும்பு ட்ரொலிகளுக்கு நடுவில் அஞ்சலீனாவின் கை அகப்பட்டிருந்தது. கையுறையை வெட்டிக் கழற்றினார்கள். இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக்கொண்டு வந்தன.

தேநீர் அறையில் அவளை இருத்தி, விமானத்துக்குப் போகவிருந்த ஐஸை அள்ளிக் கையில் வைத்தார்கள். பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். டாக்ஸிக்குச் சொல்லட்டுமா என்று கல்யாணி கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை" என்றாள் அஞ்சலீனா. வலியில் உதடு வெளிறியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனால் நாளைக்கு என்ர இடத்தில வேற ஆள் நிக்கும்."

சிவானந்தன் இறங்கி வந்தார். கையைப் பார்த்து, "சீச்சீ, கவனமா நிக்கிறேல்லையே?" என்றார். பிறகு துசியந்தியை நடைபாதைக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். நல்ல செய்தி சொல்லுகிறவரின் முகம்.

"வேலை உங்களுக்குத்தான் தங்கச்சி. நாளையில இருந்து வாங்கோ. மேலிடத்தில இருந்து விபத்தைப் பற்றிக் கேட்டு வருவினம். அவ தூங்கித் தூங்கி நிண்டவ எண்டு சொல்லுங்கோ. நீங்கள் அவவின்ர சிநேகிதி. சொன்னால் நம்புவினம்."

"நான் இடம் விட்டிருந்தால் அவவின்ர விரல் நசிஞ்சிராது அண்ணை."

"இடம் விட்டுக்கொண்டு நிண்டால் பிளேன் காத்துக்கொண்டு நிக்குமே? எங்கட சனமெண்டுதான் கூப்பிட்டனான். உங்களுக்குப் பின்னால எத்தினை பேர் வரிசையில நிக்கினம், தெரியுமே?"

"கோயில்ல உங்கட அன்னதானத்துக்கும் வரிசையில நிண்டிருக்கிறன். பின்னால நிக்கிற ஆளைக் காட்டி அங்க ஒருத்தரும் என்னை வெருட்டேல்லை."

"கோயில் வேற, தொழில் வேற" என்றார் அவர். "ஓமோ, இல்லையோ? சொல்லுங்கோ."

துசியந்திக்குக் களைத்துப் போயிருந்தது. அந்தக் காலையின் களைப்பு மட்டுமல்ல. விண்ணப்பித்து விண்ணப்பித்துப் பதில் வராத மாசங்களின் களைப்பு, ஒவ்வொரு முறையும் "வேலை தேடுறனியோ?" என்று கேட்கிற பெனிபிட் கவுன்டர்களின் களைப்பு. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் இருந்துவிடலாம். வாயைத் திறந்தும் விட்டாள்.

அப்போதுதான் கதவிடுக்கால் அஞ்சலீனாவைப் பார்த்தாள். அவள் ஒரு புதுக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, வீங்கிய விரல்களுக்கு மேல் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பப் போய் நிற்கப் போகிறாள்!

துசியந்தி அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"கழட்டு அதை" என்றாள். "நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் ட்ரே வைச்சனான். அவர் பாத்துக்கொண்டு நிண்டவர், எனக்கு வேலை வேணும். உன்ர விரலுக்கு மேலதான் நான் வேலை எடுக்கப் பாத்தனான்."

அஞ்சலீனா கையுறையைப் பாதியில் விட்டாள்.

"தெரியுமடி" என்றாள். "தலைப்பில நான் நிண்டிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பன். அதுதான் எனக்குப் பயம்."

"அக்கா, இன்னிக்கு இவங்க, நாளைக்கு நான்" என்றாள் கல்யாணி. திருநெல்வேலிக்காரி. ஐடி வேலை போன கணவன் வீட்டில் இருக்கிறான். "இவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். இவங்க இடத்துல யாரும் போய் நிக்க வேண்டாம். கடைசில ஆள் இல்லாம பெல்ட்டு எப்படி ஓடும்?"

பாண் வைக்கும் பஞ்சாபிப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. கல்யாணி ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் கழற்றி வைத்தார்கள். சிலர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். வைக்காமல் இருக்கவில்லை.

"வேலையை விட்டு நிப்பாட்டுவன் எல்லாரையும்!" என்று வாசலில் நின்று சிவானந்தன் கத்தினார். "லொறி வெளியில நிக்குது!"

"இடம் விட்டு ஓட்டுறதெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. அவவின்ர இடம் அவவுக்குத்தான் எண்டும் சொல்லுங்கோ" என்றாள் துசியந்தி. "நாங்கள் வாறம்."

"நாங்களோ? நீர் இன்னும் என்ர ஆளே இல்லை. நீர் ஆர் இதுக்குள்ள?"

'தங்கச்சி' எங்கேயோ போய்விட்டது.

"அப்ப நீங்களே தலைமாட்டுல வந்து நில்லுங்க சார்" என்றாள் கல்யாணி. யாரோ சிரித்தார்கள். அந்தக் காலையின் முதல் சிரிப்பு.

அவர் போனைக் காதில் வைத்தபடி மேலே ஏறிப் போனார். யாரைக் கூப்பிடுகிறாரோ தெரியாது. வேறு ஆட்களையாகவும் இருக்கலாம். டாக்ஸி வந்தது. ஏறுமுன் அஞ்சலீனா திரும்பி, "நிப்பீங்கள்தானே?" என்று கேட்டாள்.

"நிப்பம். நீ போட்டு வா."

தேநீர் அறையின் கண்ணாடிக்கு அப்பால் பெல்ட் வெறுமனே கிடந்தது. துசியந்தியின் போன் அடித்தது. பாலேந்திரா.

"என்ன மாதிரி? வேலை கிடைச்சுதோ?"

அவள் சுற்றிப் பார்த்தாள். கல்யாணி அவளுக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லையப்பா" என்றாள். "எல்லாருமாக் கேட்டுக்கொண்டு நிக்கிறம்."