மேட்டில் அள்ளிய பிடிமண்

1979 ஆவணியில் ஒரு ஞாயிறு. எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள்: ஜமுக்காளத்தில் சுவரோரமாக நெல்லிக்குப்பம் கலியமூர்த்தி, பக்கத்தில் அவர் மகன் பழனிவேல், எதிரே நான், அடுப்படி வாசலில் என் மனைவி பெரியநாயகி, கதவுக்குப் பின்னால் மகள் தமயந்தி. கொல்லையில், வேம்படியில், மூன்று செங்கல்லாகப் புளியடி வீரனார்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. தாம்பூலம் மாற்றுமுன் கலியமூர்த்தி குலசாமியைக் கேட்டார். கேட்காமல் முடியாது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை.

“வீரனாருங்க. ஊரு மைன்ஸுக்குப் போனப்ப பிடிமண் எடுத்தாந்து கொல்லையில வச்சேன்.”

“அட, சாமிக்கே குவார்ட்டர்ஸ் கெடைச்சிருக்கு! நாங்க இன்னும் வாடகை வூடுதாங்க.” சிரித்தவரின் குரல் இறங்கியது. “எங்களுக்குப் பச்சைவாழியம்மன். உங்களுக்குப் பக்கத்து ஊருதான், அதே வருஷம் போச்சு. எங்கப்பா பிடிமண் எடுக்காம உட்டுட்டாரு. அம்மன் இருந்த மண்ணு மைன்ஸுல வெட்டிக் கொட்டுன அந்த மேட்டுலதான் எங்கியோ கெடக்குது.”

நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன்.

சாமி நின்ற இடத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்தால்தான் சாமி கூட வரும். எங்கள் ஊரை வெட்டிய அன்று நான் ஷிப்டில் இருந்தேன். முடித்துவிட்டு ஓடியபோது இடமே இல்லை, பள்ளம். இரண்டு ஊரிலும் வெட்டிய மண்ணைக் கொட்டியிருந்த மேட்டில் ஒரு பிடி அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது தமயந்திக்கு ஏழு வயது. “ஏம்பா, வீரனாரு வளையல் போடுவாரா? கொல்லையில சத்தம் கேக்குது” என்றாள். சிரித்தோம். பிறகு எனக்கும் கேட்டது. அதையும் சொல்லவில்லை.

“நாளக் குறிச்சு லெட்டர் போடுங்க சம்மந்தி,” என்று விடைபெற்றார் கலியமூர்த்தி. அவர்கள் பஸ் ஏறியதும் மனைவியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியநாயகி கொல்லைப் பக்கமே திரும்பவில்லை. “பதினாலு வருஷமா யாருக்குப் பொங்க வச்சேன் நானு?” என்றாள். தாம்பூலத் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து, “இப்ப என்னா? வாய மூடிக்கினு நாளக் குறிங்க.”

“அவங்க சாமிய நாமளே வச்சிக்கினு, அவங்க வூட்டுக்கு மருமகளா நான் எப்படிப்பா போவேன்?” என்றாள் தமயந்தி. “எழுதுங்க.” பழனிவேலை அவளுக்கும் பிடித்திருந்தது.

வரிசையாக எழுதினேன்: ஷிப்டு, பள்ளம், மேடு, ஒரு பிடி மண், வளையல் சத்தம். கடைசி வரி: ‘தாங்கள் நேரில் வந்து, அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டு, நாங்கள் தங்களுக்குச் சம்பந்தியா பங்காளியா என்று சொல்லவும்.’

சோற்றுப் பருக்கை வைத்துக் கவரை ஒட்டினேன். தமயந்தி கட்டைவிரலால் அழுத்தினாள். பெண் பார்க்கப் போட்ட வளையல்களை அவள் முன்பே கழற்றி வைத்திருந்தாள்.

கொல்லையில் வளையல் சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கவரைத் தபால்பெட்டியில் போட்டேன்.