சுவருக்குள் பெரியம்மா

பெரியம்மா சுவருக்குள் மாட்டிக்கொண்டாள். அவளை வெளியே எடுக்க இரண்டு பேர் மனது வைக்க வேண்டும். ஒருவன் நான், இன்னொருவர் என் சகலை. அந்த நேரம் பார்த்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

பதற வேண்டாம். பெரியம்மா என்பது பொம்மை ரயிலின் எஞ்சின். என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். கறுப்பு உடம்பு, பித்தளைப் புகைபோக்கி, சிவப்புச் சக்கரம். இதன் அசல், ரயில்வே பணிமனையில் பல வருஷமாகப் படுத்துக் கிடந்த நிஜமான நீராவி எஞ்சின். கனத்த சரீரம், துருப்பிடித்த மூட்டு, யார் கூப்பிட்டாலும் எழுந்து வராத பிடிவாதம். அதனால்தான் சகலை அந்தப் பெயரை வைத்தார். அது ஒருநாள் ஓடும், அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே லட்சியம். கடை வைத்திருப்பவன் இதைவிடப் பெரிய லட்சியம் வைத்துக்கொண்டால் கல்லாவில் உட்கார முடியாது.

நான் ஆணி, கீல், குழாய் விற்கிறவன். சகலைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார். ஒரே பொதுச்சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருக்கிறோம். ஒரு மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளை என்பது ஒரே தெருவில் இரண்டு பாத்திரக்கடை மாதிரி. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே முறைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் உறவு. பிறகு ஒருநாள், வங்கிக்குப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு ரயில்வே கேட்டுக்குப் போய்ச் சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் எனக்கு முன்னாலேயே எண்ணி முடித்தார். சகலை. அவர் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“நீங்களுமா?” என்றார்.

“வீட்ல சொல்லிடாதீங்க,” என்றேன்.

அதிலிருந்து ஒட்டிக்கொண்டோம். என் வீட்டு மேஜையில் ஆரம்பித்த பொம்மைத் தண்டவாளம் ஒரு வருஷத்தில் பொதுச்சுவரில் போய் முட்டியது. வேறு யாராக இருந்தாலும் தண்டவாளத்தை வளைத்திருப்பார்கள். நாங்கள் சுவரைத் துளைத்தோம். என் கடையிலிருந்து நாலங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே சொருகி, அதற்குள் தண்டவாளம் போட்டோம். என் பக்கம் காடு. பாத்திரம் தேய்க்கும் நாருக்குப் பச்சை அடித்தால் அருமையான மரம். அவர் பக்கம் ஏரி. விலைபோகாத கண்ணாடி வில்லைகளைப் பரப்பினால் தண்ணீர் மாதிரியே மினுங்கும். என் பாதிக்கு என் வீட்டுக் கரண்ட், அவர் பாதிக்கு அவர் வீட்டுக் கரண்ட். சொந்தத்தில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்துவிட வேண்டும்.

முதலில் அக்காளும் தங்கையும் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு அதன் பயன் புரிந்தது. “ஏய், தலைவலி மாத்திரை இருந்தா ஒண்ணு ஏத்திவிடு,” என்று என் மனைவி குழாயில் வாயை வைத்துச் சொன்னால் அடுத்த வண்டியில் மாத்திரை வந்து இறங்கும். ஊசி போகும், நூல்கண்டு வரும். எங்களைப் பற்றிய புகார்கள் மட்டும் வண்டிக்குக் காத்திருக்காமல் வாய்மொழியாகவே போய்வந்தன.

எங்கள் சங்கத்துக்கு நான் தலைவர், அவர் செயலாளர். உறுப்பினர் கிடையாது. சட்டமும் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பேரும் பார்த்தால்தான் பார்த்தது. ஒருவர் மட்டும் பார்த்த வண்டி கணக்கில் சேராது. காரணம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் சகலை, “நேத்து ஒரே வண்டிக்கு மூணு எஞ்சின்” என்பார். நான் விடுவேனா? “முந்தாநாள் நான் பாத்ததுக்கு நாலு” என்பேன். ஏலம் ஏழு எஞ்சினைத் தாண்டியபோது இரண்டு பேருக்கும் வெட்கமாகி, சட்டம் போட்டுக்கொண்டோம்.

அந்தச் சட்டத்தில்தான் வந்தது வினை.

ரயில்வே கேட் கீப்பர் ஒருநாள் தாழ்ப்பாள் வாங்க என் கடைக்கு வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி.

“கண்ணாடி எடுப்பா இருக்கே,” என்றேன். அடுத்து விலையைச் சொல்லப்போகிறவன் முதலில் புகழ்ந்துவிடுவது வழக்கம்.

“உங்க சகலை நேர்லயே கொண்டாந்து குடுத்தாரு. அன்னைக்குத்தான் அந்தப் பழைய நீராவி எஞ்சின் போச்சு. ஏதோ கண்காட்சிக்குக் கொண்டு போறாங்களாம். உங்க ஆளு பொளந்த வாய மூடவே இல்ல. நீங்க ஏன் வரல?”

தாழ்ப்பாளை அவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். என் நிலைமை அதிலேயே தெரிந்திருக்கும்.

“வர்ற ஞாயித்துக்கிழமை காலைல அது திரும்பி வருதுங்க,” என்று அவர் வாசலில் நின்று சொன்னதுகூடப் பாதிதான் காதில் விழுந்தது. பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து குழாய் முன்னால் குனிந்தேன்.

“சகலை.”

“சொல்லுங்க சகலை. இப்பத்தான் வண்டிய எடுத்தேன். அண்ணி கேட்ட ஊக்கு வருது.”

“பெரியம்மாவப் பாத்தீங்களாமே.”

வண்டி குழாய்க்குள் நுழையும் சக்கரச் சத்தம் கேட்டது.

“எந்தப் பெரியம்மா?”

“நமக்கு எத்தன பெரியம்மா இருக்காங்க?”

“கண்ணாடி குடுக்கத்தான் போனேன். திடுதிப்னு வந்து நிக்குது. நான் என்ன பண்ணட்டும், கண்ண மூடிக்கணுமா?”

“மூடியிருக்கலாம்ல?”

“மூணு தரம் உங்களுக்கு போன் போட்டேன். மூணு தரமும் கட் பண்ணீங்க.”

அது வாஸ்தவம். ஒரு குழாய் வாடிக்கையாளர் என் விலைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் பெற்ற தாய் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். ஆனால் அதை இப்போது ஒப்புக்கொண்டால் வழக்கு தோற்றுப்போகும்.

“அத விடுங்க. அன்னைக்கே எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்.”

“இப்ப மட்டும் தாங்கறேனா?”

“இல்லையே,” என்றார் பாவமாக.

நான் என் பக்கத்து ஸ்விட்சை அணைத்தேன். அவரும் டொக்கென்று அணைத்தார். உள்ளே சக்கரச் சத்தம் நின்றது. எஞ்சினின் முன்பாதி என் கரண்டில், பின்பாதி அவர் கரண்டில் நிற்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து போட்டால்தான் நகரும். கம்பி விட்டு இழுத்தால் புகைபோக்கி ஒடிந்துவிடும். நான் கடையிலிருந்து மூடி ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்துக் குழாயை அடைத்தேன். அவரிடம் மூடி ஏது? கண்ணாடிக் கூடு ஒன்றைத் துணியில் சுற்றி அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருந்தாலும் என் மனைவி சும்மா இருப்பவள் அல்ல.

“ஓடாத ரயிலுக்கு எதுக்குங்க ஓட்டை?” என்றாள். “ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. நடுவுல ஒரு பல்லி மாட்டிகிட்டு நாள் பூரா உச்சு கொட்டுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொத்தனார் வரார். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசி வண்டிய எடுத்தா எடுங்க. இல்லன்னா உள்ளயே வெச்சுப் பூசிட்டுப் போயிடுவாரு.”

“அவரு முதல்ல அடைப்பக் கழட்டட்டும்.”

அவள் சுவரைத் தட்டினாள். “ஏய், உன் வீட்டுக்காரர் என்னடி சொல்றாரு?”

“அத்தான் முதல்ல கழட்டணுமாம்க்கா,” என்று சுவர் சொன்னது.

முதலில் விலையைச் சொல்லிவிடாதே என்று தொட்டிலில் கிடக்கும்போதே கேட்டு வளர்ந்தவன் நான். மூடியைத் தொடவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயைப் பூசிவிட்டால் எஞ்சின் போகிறது, இன்னொன்று வாங்கலாம். சகலைக்கு மாற்று எந்தக் கடையில் விற்கிறது? மறுபடி வங்கிக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்ப் பெட்டி எண்ண வேண்டியதுதான். எண்ணி முடித்துவிட்டு யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்குப் போனேன். தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சகலை நின்றார். இருக்கிற சட்டைகளிலேயே நல்ல சட்டை. நானும் அப்படித்தான் போயிருந்தேன். பார்க்காத மாதிரி இருவரும் வானத்தைப் பார்த்தோம். நடுவில் கேட் கீப்பர் கொடியோடு நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னங்க, ஆளுக்கொரு பக்கம்?” என்றார்.

“இங்க நெழல் இருக்கு,” என்றேன். என் தலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் ஊதல் கேட்டது. வளைவில் புகை தெரிந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அப்போது மறுதிசையிலிருந்து, என் பக்கத்துத் தண்டவாளத்தில், சரக்கு வண்டி ஒன்று வந்து என் மூக்குக்கு நேராக நுழைந்தது. சந்தே இல்லாத மூடிய பெட்டிகள். ஒன்று, இன்னொன்று, அதன் பின்னால் மற்றொன்று. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சரக்கு வண்டி சின்னதாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். அந்தப் பக்கம் பூமி அதிர்ந்தது. பெட்டிகளின் தலைக்கு மேலே வெள்ளையும் கறுப்புமாகப் புகை சுருண்டு போனது. பெரியம்மா என்னைக் கடந்து போகிறாள், நான் அவள் கொண்டையை மட்டும் பார்க்கிறேன்.

சகலை இரண்டாவது தடவையும் தனியாகப் பார்த்துவிட்டார். இனி ஜென்மத்துக்கும் அவரோடு பேச்சு இல்லை என்று முடிவு கட்டினேன்.

சரக்கு வண்டி போய் முடிந்தது. எதிரே சகலை, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துச் சிரித்தபடி நின்றார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு என் மனைவிக்கும் தன் மனைவிக்கும் வித்தியாசம் தெரியாது. கேட் திறந்ததும் போய் எதிரில் நின்றேன்.

“நல்லா பாத்தீங்களா?”

“எங்க பாத்தேன்? கழட்டிட்டேனே.”

“ஏன்?”

“உங்க பக்கம் சரக்கு வண்டி வந்துடுச்சு. நீங்க பாக்காதத நான் பாத்தா, அது கணக்குல வராது. கணக்குல வராத சரக்க எதுக்கு வாங்கி வெச்சுக்கணும்? அதோட, போன தடவ நீங்கதான சொன்னீங்க, மூடியிருக்கலாம்லன்னு.”

அவர் கையைப் பிடிக்கப் போனேன். உடனே சமாளித்துக்கொண்டேன். நடுரோட்டில் உருகி நிற்பவனிடம் நாளைக்கு யார் ஆணிக்கு நியாயமான விலை கொடுப்பார்கள்?

“அன்னைக்கு ஒரு குழாய் வியாபாரம். அதான் போன எடுக்கல,” என்றேன்.

“படிஞ்சுதா?”

“படிஞ்சுது.”

“அப்ப சரி.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“கண்ணாடி இல்லாம என்னதான் தெரிஞ்சுது?” என்றேன்.

“கறுப்பா, பெருசா ஒண்ணு மூச்சு வாங்கிகிட்டே போச்சு.”

“அது எருமையாக்கூட இருக்கலாம்.”

“இருக்கலாம். உங்களுக்கு?”

“வெறும் புகை.”

“புகை விடற எருமை உண்டா?”

“இல்ல.”

“ஒடம்ப நான் பாத்தேன். புகைய நீங்க பாத்தீங்க. ரெண்டையும் சேத்தா?”

“சட்டம் இடம் குடுக்குமா?” என்றேன். மனசுக்குள் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். இருந்தாலும் கேட்ட உடனே ஒத்துக்கொண்டு பழக்கம் இல்லை.

“ரெண்டு பேரும் பாக்கணும்னுதான் சட்டம். முழுசாப் பாக்கணும்னு எங்க இருக்கு?”

கேட் கீப்பரைக் கேட்டோம். அவர், “நான் கொடியப் பாத்துகிட்டு இருந்தேங்க,” என்று நழுவிவிட்டார். பெரியம்மா கணக்கில் ஏறினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புகையின் நிறத்தை நான் சொல்ல, மூச்சிரைப்பை அவர் செய்து காட்ட, தெருவில் இரண்டு பேர் எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கொத்தனார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். கொத்தனார் வரலாற்றிலேயே இது நடந்ததில்லை. சட்டி நிறையக் கலவை, கையில் கரண்டி, குழாய்க்கு நேராக உட்கார்ந்திருந்தார். மேஜை ஓரத்தில் என் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்தியாளின் குரல்.

“நிறுத்துங்க,” என்றேன். “ரயில் வருது.”

கொத்தனார் என் மனைவியைப் பார்த்தார். அவள், “கொஞ்சம் பொறுங்க, பேசிட்டாங்க போலிருக்கு,” என்றாள்.

“கலவை இறுகிடுமேம்மா,” என்றார் அவர்.

கலவை வீணாவதை என்னாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. “அப்ப குழாய் வாயச் சுத்தி வளைவா ஒரு சுரங்கப்பாதை மாதிரி பூசிக்குடுங்க,” என்றேன். அவர் அப்படியே அழகாகப் பூசினார். ஓரத்தில் கரண்டி நுனியால் கல் கல்லாகக் கோடுகூடப் போட்டார்.

மூடியைக் கழற்றினேன். அந்தப் பக்கம் கண்ணாடிக் கூடும் வெளியே வந்தது. குழாய் வழியாகச் சகலையின் ஒரு கண் தெரிந்தது.

“போடலாமா சகலை?”

“நீங்க போடுங்க.”

“நீங்க போடுங்க.”

“ரெண்டு பேரும் ஒண்ணா போட்டுத் தொலைங்க,” என்றாள் என் மனைவி.

போட்டோம். உள்ளே ஒரு முனகல், ஒரு இழுப்பு. பிறகு சக்கரச் சத்தம். பெரியம்மா தூசியோடு வெளியே வந்தாள். பின்னால் ஊக்குப் பெட்டி. அதன் மேல், ஊக்கின் மீது முன்கால் வைத்து, தலையைத் தூக்கிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க முதல் வகுப்பிலேயே பயணம் செய்தது மாதிரி ஒரு பல்லி.

கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டார். என் மனைவி ஸ்டூல் மேல் ஏறிவிட்டாள்.

“அங்க என்ன சத்தம்?” என்று குழாய் கேட்டது.

“பல்லி. வண்டில உக்காந்து வருது.”

“நெஜமாவா?”

“ஜம்முன்னு உக்காந்திருக்கு சகலை.”

குழாய் சட்டத்தை எடுத்து நீட்டியது.

“நான் பாக்கலயே. கணக்குல வராது. பல்லி இறங்கறதுக்குள்ள வண்டியத் திருப்பி அனுப்புங்க.”

நான் எஞ்சினைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் கொழுந்தியாள் ஸ்டூல் இழுக்கும் சத்தம் கேட்டது.