ஜெனிபாவின் விசில்

காலையில் கடையைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை செய்தித்தாளோடு சண்டை போடுவது. ராஜபாளையம் சாலையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் தேவசுந்தரம் என்றால் சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு என் சத்தம் தெரியும். எங்கேயோ குண்டு போடுகிறான், எவனோ வரியைக் கூட்டுகிறான், இங்கே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. செய்தியே படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விளையாட்டுப் பக்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை ஜெயித்த அன்று நான் போட்ட கூச்சலில், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்கள். ஐம்பத்தாறு வயதில் இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

என் மகள் ஜெனிபா பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. போன வருஷம் வாலிபால் நடுவர் தேர்வில் பாஸ் செய்தாள். ஆனால் ஆண்கள் போட்டிக்கு ஒரு பெண்ணை நிறுத்த இந்தப் பக்கத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள்தான் துணிந்து தங்கள் ஊர் டோர்னமெண்டுக்குக் கூப்பிட்டார்கள். அதுவும் ஃபைனலுக்கு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அவளுக்கோ ஒரே பயம், என்னை நினைத்து. கல்லூரியில் அவள் ஆடிய ஒரு மேட்சில் நான் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நடுவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அதற்கு அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

"எப்பா, நம்ம சங்கரன்கோவில் டீமும் சிவகிரியும் ஆடுதாங்க. நான் எந்தப் பக்கம் பாயிண்ட் குடுத்தாலும் ஒரு பேச்சு வரும். நீங்களும் சேந்து கத்துனா என்னைய இனிமே ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

"தொறந்தா கேளு," என்றேன். என் மனைவி சுந்தரபாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து, கோயிலுக்குப் போட்டுப் போன ஊதாச் சட்டையோடு அப்படியே கிளம்பிவிட்டேன். பக்கத்துக் கடை மன்சூர் அலியும் வந்தார். அரைக் கிலோ கடலை மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டேன். வாய்க்கு வேலை வேண்டுமே!

வலைக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டாண்டில் ஜெனிபா ஏறி நின்றாள். முதல் விசிலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு செட் நமக்கு, ஒரு செட் அவர்களுக்கு என்று மாறி மாறிப் போய் ஆட்டம் ஐந்தாவது செட்டுக்கு வந்தது. அதுவரை நான் மூச்சு விடவில்லை. மிட்டாய் தீர்ந்துபோயிருந்தது.

பதினான்குக்குப் பதின்மூன்று. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை நம்முடையது. நம் பையன் எகிறி ஓர் அடி அடித்தான், பந்து கோட்டுக்குள் விழுந்து தெறித்தது. நம்மூர்க் கூட்டமே குதித்தது. அப்போது விசில். அடித்தவன் கை வலையில் பட்டுவிட்டது, ஃபவுல் என்று காட்டி, ஜெனிபா பாயிண்டைச் சிவகிரிக்குக் கொடுத்தாள்.

"ஏட்டி, கண்ணு தெரியலையா?" என்று ஒருவன் கத்தினான்.

"பொம்பளப் பிள்ளைய ஏத்திவிட்டா இப்படித்தாம்லே ஆகும்!" என்றான் இன்னொருவன்.

கை பட்டதை நானும் பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் எங்கிருந்து வாயை மூடுவது? நாற்காலி மேல் ஏறிவிட்டேன். "ஏலே, பட்டுச்சு! நான் பாத்தேன்! எம்மவ சொன்னதுதான் சரி! எவம்லே அவளப் பேசுதது?"

இன்னொரு நீளமான விசில். ஜெனிபா என்னை நேராகப் பார்த்துக் கையை நீட்டினாள். கமிட்டிக்காரரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "அந்த ஊதாச் சட்டை போட்டவர வெளிய அனுப்புங்க. அவர் போனாத்தான் ஆட்டம்."

"ஏலே, அது அவ அப்பால்லா!" என்று யாரோ சொன்னார்கள். அவள் முகத்தில் ஓர் அசைவு இல்லை.

நான் இறங்கி நடந்தேன். இதே வேறொரு நடுவராக இருந்திருந்தால் அங்கேயே ஒரு கை பார்த்திருப்பேன். ஆனால் எனக்கு ரோஷமே வரவில்லை; நெஞ்சு நிறைந்து கண் கலங்கிவிட்டது. வெளியே மைதானச் சுவரில் காதை வைத்து ஒவ்வொரு விசிலாகக் கேட்டேன். ஒன்றில்கூடத் தயக்கம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மன்சூர் அலி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "நம்மூரு தோத்துட்டு அண்ணாச்சி! ஆனா பெறவு ஒருத்தனும் வாயத் தொறக்கலயே! சொந்த அப்பனையே வெளிய அனுப்புனவ யாருக்கு ஓரவஞ்சன செய்யப் போறா? தோத்த பயலுவளே வரிசையா நின்னு கை குடுத்துட்டுப் போறானுவ. சிவகிரியில அடுத்த மாசம் டோர்னமெண்டாம், அதுக்கும் இவளத்தான் கேக்காங்க!"

ஜெனிபா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் நின்றுகொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. சுந்தரபாய்.

"என்ன, வாயத் தொறந்தியளா?"

போனை மகளிடம் நீட்டிவிட்டேன்.

"தொறந்தாங்கம்மா. வெளிய போகச் சொன்னேன். ஒரு வார்த்த பேசாம போயிட்டாங்க."

உடனே சுந்தரபாய் போட்ட கூச்சல் ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது.

"முப்பது வருஷமா என்னால முடியலியேட்டி!"