என் பெயரில் செத்தவன்

என் சாவுச் செய்தியை நானேதான் அச்சுக் கோத்தேன். ‘கார்பின் ஓடை அருகே சரக்கு ரயில் கவிழ்ந்தது. பிரேக்மேன் லைனஸ் காட்பெரி பலி. உறவினர் விவரம் தெரியவில்லை.’ தந்தியைக் கொடுத்த பத்திரிகை ஆசிரியர், “உன் பேருக்காரன் ஒருத்தன் போயிட்டான்யா, பாத்து இரு,” என்று சிரித்தார். பெயர்தான் என்னுடையது. செத்தது என் நண்பன் ஆரின் டியூக்ஸ்பரி.

வேலைநிறுத்தத்தில் சேர்ந்த பாவத்துக்கு அயோவா மாநிலத்தில் எந்த ரயில் கம்பெனியும் ஆரினை வாசலில் நிற்கவிடவில்லை. கம்பெனிகளின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் அடுத்தவன் பெயரில் வேலைக்குப் போவது அப்போது சகஜம். நானோ, ரயில் பெட்டிகளை இணைக்கும்போது இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்துவிட்டு அச்சுக்கூடத்துக்கு வந்தவன். கம்பெனி கொடுத்த சான்றுக் கடிதம் சும்மா கிடந்தது. அதை ஆரினிடம் கொடுத்தேன். “உன் பேரைக் கெடுத்துர மாட்டேண்டா,” என்றான்.

அவன் மனைவி டெல்ஃபியாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. “வீட்டுக்குக் கொண்டாந்துரணும்ணே,” என்றாள். அடுத்த ரயிலில் கிளம்பினோம்.

கார்பின் ஓடை ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகைக்குள் உடல் கிடந்தது. கம்பெனி அதிகாரி வாசலை மறித்து நின்றான்.

“டியூக்ஸ்பரியா? அப்படி ஒருத்தன் எங்ககிட்ட வேலையே பாக்கலையேம்மா. காட்பெரியோட சொந்தக்காரங்க வந்தா குடுப்பேன். இல்லேன்னா சாயங்காலம் இங்கயே புதைச்சிருவோம்.”

“காட்பெரி நான்தான்யா!”

“யோவ், அப்ப நான் பொணத்துக்கிட்டயா பேசிட்டிருக்கேன்?”

என் இடது கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். “பாருய்யா! உங்க கம்பெனிப் பெட்டிதான் ரெண்டு விரலைத் தின்னுச்சு. உள்ள கெடக்கிறவனுக்குப் பத்து விரலும் இருக்கும், போய் எண்ணிப் பாரு!”

அவன் நிதானமாக ஒரு காகிதத்தைப் பிரித்தான். ரத்தம் காய்ந்த என் கடிதம். “‘சொந்த விருப்பத்தில் விலகினார். காயம் ஏதுமில்லை.’ கீழ காட்பெரி கையெழுத்து. நீ யாருய்யா?”

கை கால் போன எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள், வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று. அந்தக் கடிதம் இல்லாமல் வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பதால் நானும் கையெழுத்துப் போட்டேன். என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

டெல்ஃபியா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “நான் காட்பெரி பொண்டாட்டி,” என்றாள்.

அவனுக்கும் எல்லாம் புரிந்திருக்கும். “இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று பேனாவை நீட்டினான்.

திரும்பும் ரயிலில் சரக்குப் பெட்டியில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். “கல்லறைக் கல்லுல அவரு பேரைப் போடலாமாண்ணே?”

“போட்டா நீ போட்ட கையெழுத்து பொய்யின்னு ஆயிரும். ஜெயில்ல வச்சிருவாங்க.”

“பேப்பர்லயாவது?”



மறுநாள் ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டை என் மேஜையில் வைத்தார். ‘காட்பெரியின் விதவை உடலைப் பெற்றுச் சென்றார்.’ என் கை ஒருமுறை டியூக்ஸ்பரியின் முதல் எழுத்து கிடந்த அச்செழுத்துப் பெட்டியின் கட்டத்துக்குப் போயிற்று. அவள் கையெழுத்து ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன். ஒரு பிழையும் இல்லாமல் என் பெயரையே கோத்துக் கொடுத்தேன்.